மொழிப் பிரச்சினை மட்டும்தான், மேடம்

1

நான் புனேவுக்கு வந்து இருபத்தாறு வருடம் நிறைந்த வாரத்தில் எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. பள்ளித் தலைவர்களுக்கான சிறப்புக் கல்விச் சட்டப் பயிற்சி, இரண்டு நாள், மதிய உணவு உண்டு. வானவடியில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. எங்கள் நிர்வாகச் செயலாளர் ஜோக்ளேகர் சார் அழைப்பை என் மேசையில் வைத்து, "போயிட்டு வாங்க மேடம். சட்டம் தெரிஞ்சாத்தான் அதுல மாட்டாம இருக்க முடியும்" என்றார். சொன்னது மராத்தியில். தமிழில் எழுதும்போது கொஞ்சம் வில்லத்தனமாகத் தெரிகிறது. மராத்தியில் அக்கறையாகத்தான் இருந்தது.

புனே என்ன வெளிநாடா, ரயிலில் ஏறிப் படுத்தால் வந்துவிடலாமே என்று பாளையங்கோட்டையில் இருக்கும் என் தம்பி கேட்பான். அவன் இங்கே வந்து, கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று ஒரு புகார் கொடுத்துப் பார்க்கட்டும். பிறகு பேசிக்கொள்ளலாம்.

பயிற்சி, ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலில். போபோடியிலிருந்து ரஞ்சன்காவ் வரை பல பள்ளிகளின் முதல்வர்கள் வந்திருந்தார்கள். நடத்தியவர் ஒரு பெண் வழக்கறிஞர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் பேசினார். மாற்றுத்திறன் உள்ள குழந்தை என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையின் பக்கம் இருக்கிறது, பள்ளியின் பக்கம் இல்லை. பள்ளி கொடுக்க வேண்டியது வசதி, ஆலோசனை அல்ல. இவ்வளவையும் சொல்லிவிட்டு, முதல்வர்கள் பெற்றோரிடம் சொல்லவே கூடாத வாக்கியங்கள் என்று சிலவற்றைத் திரையில் போட்டார். உங்கள் குழந்தைக்கு எங்களைவிட நல்ல இடம் இருக்கிறது. மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள். அவளுடைய நன்மைக்காகத்தான் சொல்கிறோம்.

அரங்கமே குனிந்து எழுதிக்கொண்டது. என் பக்கத்தில் இருந்தவர் ரஞ்சன்காவில் தொழிற்சாலைக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் முதல்வர். நல்ல மனிதர், டிபன் டப்பாவில் கொண்டுவந்திருந்த கடலைச் சட்னியை எனக்கும் கொடுத்தவர். அவர் கையைத் தூக்கி, "இதெல்லாம் சொல்லக் கூடாதுன்னா வேற என்ன சொல்றது?" என்று கேட்டார்.

"வாங்கன்னு சொல்லுங்க" என்றார் வழக்கறிஞர்.

ரஞ்சன்காவ் முதல்வர் பேனாவைப் பிடித்தபடி மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். மீதி வரவில்லை.

கடைசியில் யாரோ, பெற்றோர் எங்களிடம் எதுவுமே சொல்லாமல் சேர்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். சொல்லாத விஷயத்துக்குப் பள்ளியைக் குற்றம் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான் என்றார் வழக்கறிஞர். அந்த இரண்டு நாளில் எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்ட இடம் அது ஒன்றுதான்.

2

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பழைய பள்ளிகள் உண்டு. ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிள்ளைகள் கைகளால் பேசிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். சத்தம் வராமல் இவ்வளவு சண்டை போட முடியுமா என்று பொறாமையாக இருக்கும். அவர்கள் ஒரு வாசலில் நுழைகிறார்கள், நான் வேறொரு வாசலில் நுழைகிறேன் என்பது கிழக்கு மேற்கு மாதிரி இயல்பாகப் பட்டது. யார் பிரித்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

கல்யாணமாகி வந்து போபோடியில் குடியிருந்தோம். கணவருக்குக் கட்கியில் வேலை. எனக்கு ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. வகுப்பில் ஆங்கிலம் பேசிச் சமாளிக்கலாம். ஆசிரியர் அறையில் முடியாது. அங்கே எல்லாரும் மராத்தியில் சிரித்தார்கள், நான் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தேன். முதல் வருடம் முழுவதும் வாயே திறக்கவில்லை. ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியை என்னை மேடையில் நிறுத்தி, "சாந்தமான பெண்" என்று பாராட்டினார். இதை ஊருக்கு எழுதினேன். என் தம்பி அந்தக் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான்.

அதனால், வேற்று மொழி ஊரில் வாய் மூடியிருக்கும் யாரைப் பார்த்தாலும் எனக்கு உடனே பாசம் வந்துவிடும். மொழிப் பிரச்சினைதான், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று நானே எத்தனையோ பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் சரியாகியும் இருக்கிறது.

3

பயிற்சி முடிந்த அடுத்த வாரம் ஒரு பெண் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். மஞ்சுளா என்று பெயர். கணவர் ராணுவத்தில் ஹவில்தார், புனேவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறார்கள். இந்த விவரமெல்லாம் பட்டாளத்து இந்தியில் கடகடவென்று வந்தது. மகள் யாழினி நாற்காலியில் உட்காராமல், என் மேசையில் இருந்த சின்னக் கொடிக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

"பேட்டி கோ சிர்ஃப் தமிழ் ஆத்தி ஹை, மேடம்" என்றார். மகளுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். மற்றபடி ஒன்றுமில்லை, மொழிப் பிரச்சினை மட்டும்தான்.

வாசலில் ஹெலன் என்று எழுதியிருக்கும் என் பெயரைப் பார்த்து, கோவாக்காரி என்று நினைத்திருக்கிறார்.

நான் மகள் பக்கம் திரும்பி, "உம் பேரு என்ன பிள்ள? சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

யாழினி திரும்பவில்லை. கொடி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் மஞ்சுளாவின் முகம் மாறிய விதத்தை நான் மறக்க மாட்டேன். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் பரிசோதகரே வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"நீங்க தமிழா மேடம்?"

"பாளையங்கோட்டை."

அவர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு அவர் மெதுவாக, "அவளுக்குத் தமிழும் சரியா வராது மேடம். பஞ்சாப்லயே வளந்துட்டா. இந்திதான் வரும்" என்றார்.

"இப்பத்தானம்மா தமிழ் மட்டும்தான் வரும்னு சொன்னீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவருடைய சிரிப்பு பாதியில் அழுகையானது. கைப்பையிலிருந்து கைக்குட்டையைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல எங்க ஊரு பக்கம், குடியாத்தத்துல ஒரு ஸ்கூல்ல உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன் மேடம். டாக்டரு ஆட்டிசம்னு சொல்லிக்கிறாரு, பேச்சு கம்மி, ஆனா சொன்னா புரிஞ்சிக்குவா, நல்லா படம் போடுவான்னு சொன்னேன். ரொம்ப மரியாதையா பேசினாங்க. காபி குடுத்தாங்க. குடுத்துட்டு, இந்த மாதிரி கொழந்தைங்களுக்குன்னே வேலூர்ல நல்ல எடம் கீது, பாப்பா நல்லதுக்குத்தான் சொல்றோம்னாங்க. அந்த வருஷம் பூரா வூட்டுலயே வச்சிக்கினு இருந்தேன். அப்பால பதான்கோட் போஸ்டிங். அங்க போயி, தமிழ்நாட்டுப் பொண்ணு, இந்தி தெரியாதுன்னேன். பாவம்னு உடனே சேத்துக்கினாங்க. அதுக்கப்புறம் மெட்ராஸ். பஞ்சாப்ல இருந்து வர்றோம், இந்தி மட்டுந்தான் தெரியும்னேன். அங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இந்தி தெரியாது. ஓடிப்போச்சு."

நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மொழி தெரியாமல் திண்டாடிய கதைகளைத்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மொழி தெரியாததை இவ்வளவு திறமையாகப் பயன்படுத்திய ஒருவரை அன்றுதான் சந்தித்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கு சரிதான். மொழிப் பிரச்சினை கௌரவமான நோய். எந்தப் பள்ளியும் அதற்குக் கதவடைப்பதில்லை. ஆறு மாதம் பொறுப்பார்கள், இன்னும் ஆறு மாதம் சந்தேகப்படுவார்கள், அதற்குள் பட்டாளம் மாற்றல் உத்தரவு போட்டுவிடும்.

ஆனால் அதற்குள் பிள்ளை என்ன படித்தாள்? கேட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் போட்டாள் என்றார். மொழி தெரியாத பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, எதுவும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

அன்றைக்குச் சூட்டோடு சூடாக, வழக்கறிஞர் சொன்னதையெல்லாம் நான் மஞ்சுளாவிடம் ஒப்பித்தேன். ஆட்டிசம் சட்டத்தில் இருக்கிறது. சொன்னால் பள்ளி மறுக்க முடியாது. வசதி செய்துகொடுக்க வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டும். சொல்லாவிட்டால் எதுவும் கேட்க முடியாது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உண்மைய சொன்னா சட்டம் கூட நிக்கும். பொய் சொன்னா சீட்டு கெடைக்கும். நான் இன்னா பண்ணட்டும் மேடம்?"

இந்தக் கேள்வி பயிற்சியில் வரவில்லை.

"உண்மையையே சொல்லுங்க. சீட்டு நான் தாரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் ஜோக்ளேகர் சார் நினைவுக்கு வந்தார்.

4

ஜோக்ளேகர் சார் கெட்டவர் இல்லை. முழுதும் கேட்டுவிட்டு, "மொழிப் பிரச்சினைன்னே இருக்கட்டுமே மேடம். அவங்களும் அதைத்தானே சொன்னாங்க? எல்லாருக்கும் நல்லது" என்றார்.

ஒரு தாய் பயத்தில் கண்டுபிடித்த பொய் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அதில் பள்ளிக்கு ஒரு பொறுப்பும் இல்லை. சரிப்பட்டால் நம் பெருமை, சரிப்படாவிட்டால் பிள்ளைக்கு மராத்தி வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டுகிற அளவுக்கு என் மராத்தி இன்னும் வளரவில்லை; இந்த ஊரில் நான் சாந்தமானவளாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

"பயிற்சியில..." என்று ஆரம்பித்தேன்.

"நான் உங்களை அனுப்பினது அதுக்கில்ல."

இப்படியே சில நாட்கள் போயின. வகுப்பு நிறைந்துவிட்டது என்றார், பிறகு நிறையவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. "சரி சார், வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா நீங்களே அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. யார் சொல்றாங்களோ அவங்க பேர்தான் புகார்ல வரும்" என்றேன். ஜோக்ளேகர் சார் பல வருடமாகப் பள்ளி நடத்துகிறார். ஒரு பெற்றோரிடமும் நேரில் பேசியதில்லை. அதற்குத்தான் சம்பளத்துக்கு என்னை வைத்திருக்கிறார். மறுநாளே யாழினியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று செய்தி வந்தது.

சம்பிரதாயத்துக்கு மஞ்சுளா அவர் முன்னால் வந்து விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. குடியாத்தத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னது அன்றுதான். "ஆட்டிசம்" என்று சொல்லும்போது கைப்பையின் வாரை அப்படி முறுக்கினார். ஜோக்ளேகர் சார் சங்கடப்பட்டு, "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு எல்லாருக்கும் டீ சொன்னார். டீ வந்ததும் மஞ்சுளா எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்கம்மா. இது குடியாத்தம் காபி இல்ல, சும்மா டீதான்" என்றேன்.

5

அந்த வருடம் பிரமாதமாகப் போனது என்று எழுத ஆசை. சுமாராகப் போனது.

யாழினிக்கு மின்சார மணி ஆகாது. அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளிவாசலுக்கு ஓடிவிடுவாள். வகுப்பு ஆசிரியை பவார் மேடம் முதல் வாரம் பின்னால் ஓடினார். இரண்டாவது வாரம், மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். தனியாக அவளை மட்டும் கூட்டிப்போனால் மற்றதுகள் கேள்வி கேட்கும் என்று மொத்த வகுப்பையும். பக்கத்து வகுப்பிலிருந்து, எங்களுக்கு ஏன் இல்லை என்று புகார் வந்தது. சட்டம் "நியாயமான வசதி" என்று சொல்வது இதைத்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அவள் ஓடுவது நின்றது.

புதிதாக அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை மராத்தி. "நக்கோ." வேண்டாம் என்று அர்த்தம். டப்பாவைத் திறந்து உப்புமாவைப் பார்த்ததும் சொல்லியிருக்கிறாள். பவார் மேடம் ஓடிவந்து என்னிடம் சொன்னார், நான் போன் செய்து மஞ்சுளாவிடம் சொன்னேன். "தமிழ்லயும் அவ மொதல்ல கத்துக்கினது வேணாம்தான் மேடம்" என்றார்.

கணக்கில் நன்றாக வந்தாள். எழுத்து வரவில்லை. அதற்குப் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் ஒருவர் வேண்டும். பவார் மேடத்துக்கு நல்ல மனசு இருக்கிறது, பயிற்சி இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன். ஆகட்டும், தேடலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் தேடலாம் என்றார்கள். மஞ்சுளா கேட்கும்போதெல்லாம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று நானும் சொல்லிவந்தேன். அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் நாங்கள் நிஜமாகவே தேடுகிறோம் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

வீட்டில் என் மகள் ரீனாவிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசும்போது நடுவில் இந்தியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அந்த ஆன்ட்டி பொய் சொல்றது தப்பில்ல மம்மி. ஸ்கூல் அப்படி இருக்கு தோ, அவங்க என்ன பண்ணும்?" என்றாள். இலக்கணம் தவறு, தீர்ப்பு சரி. நான் எழுதுகிற இதை அவள் படிக்க மாட்டாள், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் அவள் சொன்னது சரி என்று இங்கே தைரியமாக ஒப்புக்கொள்கிறேன்.

6

போன மாதம் மஞ்சுளா வந்தார். ஜோத்பூருக்கு மாற்றல். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் இப்போதுதானே மைதானத்துக்கு நடந்து போகிறாள் என்று தோன்றியது.

"அங்க போயி இன்னா சொல்லட்டும் மேடம்?" என்று கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க. சட்டம் நாடு முழுக்க ஒண்ணுதான்."

"சட்டம் ஒண்ணுதான். நீங்க அங்க இருப்பீங்களா?"

சட்டம் இருந்தும் இங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஜோத்பூரில் மொழிப் பிரச்சினை என்றுதான் சொல்லப்போகிறார் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. யாழினி மறுபடி ஒரு கடைசி வரிசைக்குப் போய்ப் படம் போடப்போகிறாள்.

கதவைச் சாத்தினேன். "இப்ப நாந்தான் ஜோத்பூர் பிரின்சிபால். நீங்க இப்பத்தான் உள்ள வாரீங்க. சொல்லுங்க பாப்போம்" என்றேன், இந்தியில்.

அவருக்கு வெட்கம். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "மேடம், என் பொண்ணுக்கு... மொழிப் பிரச்சினை..." என்றார். வாய்ப் பழக்கம். தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார். ஆட்டிசம் என்கிற வார்த்தை வந்தது, ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து சொல்லச் சொன்னேன். நான் முதல்வர்கள் பேசுகிறபடியெல்லாம் பேசினேன். எனக்கு அது கஷ்டமாக இல்லை. வகுப்பு நிறைந்துவிட்டது என்றேன். எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று எழுத்தில் கொடுங்கள் என்றார். பிள்ளைக்கு இங்கே கஷ்டமாக இருக்குமே என்றேன். அவளுக்கு மணிச் சத்தம் ஒன்றுதான் கஷ்டம், மற்றதெல்லாம் உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார். பட்டாளத்து இந்திக்கு இவ்வளவு கூர்மை உண்டு என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"எங்ககிட்ட சிறப்பு ஆசிரியர் இல்லையே" என்றேன்.

ஒத்திகையில் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் நிஜம். மஞ்சுளா என்னை நேராகப் பார்த்தார்.

"ஒருத்தர வைங்க மேடம்" என்றார்.

தமிழில் சொன்னார். குரல் உயரவில்லை. அவர் ஜோத்பூர் முதல்வரிடம் பேசவில்லை. எங்கள் இருவருக்குமே அது புரிந்தது.

அவர் போனதும் ஜோக்ளேகர் சாருக்குப் போன் செய்தேன். சிறப்பு ஆசிரியர் பணியிடத்துக்கு இந்த வாரமே விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். "அந்தப் பொண்ணுதான் போகுதே மேடம். இனி யாருக்கு?"

எனக்குச் சட்டமெல்லாம் வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன்.

"ஒருத்தரை வைங்க சார்" என்றேன். மஞ்சுளா சொன்ன மாதிரியே சொல்லப் பார்த்தேன். முதல் தடவை அவ்வளவு நன்றாக வரவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.